கடைசி இடம், 9 மேட்ச் பாக்கி, 7 பாயிண்ட் பின்னாடி: தப்பிக்க முடியுமா?

கேட்டிருக்கற விஷயம் இதுதான். உங்க டீம் இங்கிலாந்து ஃபுட்பாலோட பிரீமியர் லீக் டேபிள்ல கடைசி, 29 மேட்ச் முடிஞ்சிருச்சு, 17வது இடத்துல இருக்கறவனுக்கும் உங்களுக்கும் 7 பாயிண்ட் இடைவெளி (20 டீம்ல கடைசி மூணு கீழ் டிவிஷனுக்கு இறங்கிடும், 17தான் தப்பிக்கற கடைசி இடம்), 9 மேட்ச்தான் பாக்கி. 2015ல லெஸ்டர் கிளப் தப்பிச்ச மாதிரி தப்பிக்க வழி இருக்கா, இல்ல இப்பவே மனச தேத்திக்கணுமா, தப்பிக்க 40 பாயிண்ட் எடுக்கணுமாமே, அதெல்லாம் நடக்கற காரியமானு.

சான்ஸ் கம்மிதான் ப்ரோ, அதுல பொய் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா டேபிள மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. டேபிள் இதுவரைக்கும் என்ன ஆச்சுனுதான் சொல்லும். மிச்சம் இருக்கற 9 மேட்ச் யார்கூட, எந்த கிரவுண்டுல, அவனுக்கு அந்த மேட்ச்ல ஏதாவது தேவை இருக்கா, இதுதான் உங்க தலையெழுத்து. நான் லெஸ்டரயே எடுத்து சொல்றேன், ஏன்னா அதே கிளப் ஒரு தடவ நம்பவே முடியாத இடத்துல இருந்து தப்பிச்சிருக்கு, இன்னொரு தடவ "இவ்வளவு நல்ல டீம் எப்படி கீழ போகும்"னு எல்லாரும் சொல்லிட்டு இருக்கும்போதே கீழ போயிருக்கு.

முதல்ல அந்த 40 பாயிண்ட் கதைய (வெற்றிக்கு 3, டிராவுக்கு 1) முடிச்சிடுவோம். 20 டீம் 38 மேட்ச்னு ஆனது 1995-96ல. அதுல இருந்து 2025 வரைக்கும் 40 இல்ல அதுக்கு மேல எடுத்தும் இறங்கினவங்க மூணே பேர்: 1996-97ல சண்டர்லேண்ட் 40, அடுத்த வருஷம் போல்டன் 40, 2002-03ல வெஸ்ட் ஹாம் 42. அவ்வளவுதான். மத்த வருஷமெல்லாம் அதுக்கு ரொம்ப கம்மியா எடுத்தே தப்பிச்சிருக்காங்க. 2004-05ல வெஸ்ட் பிராம் 34 பாயிண்ட்ல தப்பிச்சாங்க, அதுவும் கடைசி நாள் காலைல 20வது இடத்துல எந்திரிச்சு சாயங்காலம் 17வது இடத்துல படுத்தாங்க. அவங்க போர்ட்ஸ்மவுத்த 2-0 அடிச்சாங்க, மேல இருந்த நார்விச் ஃபுல்ஹாம்கிட்ட 6-0 வாங்குச்சு, சவுத்தாம்ப்டன் மான்செஸ்டர் யுனைடெட்கிட்ட தோத்துச்சு, கிரிஸ்டல் பேலஸ் சார்ல்டன்கூட ஜெயிக்கற மேட்ச்ல கடைசி 10 நிமிஷத்துக்குள்ள ஒரு கோல் வாங்கி டிரா பண்ணுச்சு. மூணு பேரும் ஒரே நாள்ல சறுக்கணும், சறுக்குனாங்க. 2023-24ல 18வதா முடிச்ச லூட்டன் எடுத்தது 26, 2024-25ல 18வதா முடிச்ச லெஸ்டர் எடுத்தது 25. அதாவது அந்த ரெண்டு வருஷமும் 27 பாயிண்ட் இருந்தாலே நிம்மதியா தூங்கியிருக்கலாம். அதனால 40ங்கற நம்பர மனசுல இருந்து எடுத்துடுங்க. நீங்க ஜெயிக்க வேண்டியது ஒரு நம்பர இல்ல, உங்களவிட மோசமா மூணு டீம் இருந்தா போதும். காட்டுல கரடி துரத்தும்போது கரடியவிட வேகமா ஓட வேண்டாம், பக்கத்துல ஓடறவனவிட வேகமா ஓடுனா போதும்னு சொல்லுவாங்களே, அதே சமாச்சாரம்.

இப்ப 2014-15 லெஸ்டருக்கு வருவோம். நீங்க சொன்ன நிலைமை அச்சு அசலா அவங்க நிலைமை. ஏப்ரல் தொடக்கத்துல 29 மேட்ச்ல 19 பாயிண்ட், 4 வெற்றி, 7 டிரா, 18 தோல்வி, கடைசி இடம், 7 பாயிண்ட் பின்னாடி. செப்டம்பர்ல மான்செஸ்டர் யுனைடெட்ட 3-1 பின்னாடி இருந்து 5-3னு அடிச்சவங்க, அதுக்கப்புறம் வரிசையா 13 மேட்ச் ஒண்ணுகூட ஜெயிக்கல. கிறிஸ்துமஸ் அன்னைக்கு கடைசி இடத்துல இருக்கற டீம் இறங்கிடும்னு இங்கிலாந்துல ஒரு நம்பிக்கையே உண்டு, 2025 வரைக்கும் அந்த நம்பிக்கைய பொய்யாக்குனது நாலே டீம்தான்: வெஸ்ட் பிராம், 2013-14 சண்டர்லேண்ட், இந்த லெஸ்டர், அப்புறம் 2022-23 உல்வ்ஸ்.

அந்த 19 பாயிண்ட்டுக்கு பக்கத்துல இருந்த இன்னொரு நம்பர அப்ப யாரும் சரியா பாக்கல. 29 மேட்ச்ல அவங்க அடிச்சது 27 கோல், வாங்குனது 48. மைனஸ் 21. கேக்க மோசமாதான் இருக்கு, ஆனா வகுத்து பாருங்க, ஒரு மேட்ச்சுக்கு ஒரு கோல்கூட வித்தியாசம் இல்ல. தோக்கறாங்க, ஆனா 1-0, 2-1, 3-2, மார்ச் 21 டாட்டன்ஹாம்கிட்ட 4-3. யார்கிட்டயும் 5, 6னு வாங்கல. இதோட 2007-08ல டெர்பினு ஒரு டீம வெச்சு பாருங்க: 38 மேட்ச்ல ஒரே ஒரு வெற்றி, 11 பாயிண்ட், அடிச்சது 20, வாங்குனது 89. அவனும் கடைசி இடம், இவனும் கடைசி இடம். ஆனா ஒருத்தன் தண்ணில மூழ்கிட்டான், இன்னொருத்தனுக்கு மூக்கு மட்டும் தண்ணிக்கு கீழ இருக்கு. உங்க டீம் எந்த வகைனு நீங்கதான் கண்டுபிடிக்கணும், அதுக்கு கடைசி 10 தோல்வியோட ஸ்கோர எழுதி பாத்தாலே தெரிஞ்சிடும்.

அந்த டாட்டன்ஹாம் மேட்ச் தோத்தாலும் ஒரு விஷயம் நடந்துச்சு. மேனேஜர் நைஜல் பியர்சன் பின்னாடி மூணு பேர நிறுத்தி ஆட ஆரம்பிச்சார். வெஸ் மார்கன், வாசிலெவ்ஸ்கி, பிப்ரவரி தொடக்கத்துல ஸ்டோக்ல இருந்து லோன்ல வந்த ராபர்ட் ஹூத். மூணு பேரும் ஓடறதுல சுமார், ஆனா தலையால முட்டறதுல மலை. ரெண்டு பக்கமும் ஓரத்துல மேலயும் கீழயும் ஓடற விங் பேக்கா ஆல்பிரைட்டன், ஸ்லப். ஆல்பிரைட்டன் அதுவரைக்கும் பெரும்பாலும் பெஞ்சுலதான். டிசம்பர்ல கால் எலும்பு உடைஞ்ச கீப்பர் ஷ்மைக்கேல் மார்ச்ல திரும்பி வந்தார். நடுவுல 34 வயசு கம்பியாஸோ, இன்டர் மிலான்ல சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சவர். இவரு பக்கத்துல இருந்தா மத்தவங்களுக்கு பதட்டம் தானா கொறையும். பெருசா ஒண்ணும் புரட்சி இல்ல, இருக்கற ஆளுங்கள வெச்சு கோல் வாங்கறத கொறைச்சாங்க. கடைசி 9 மேட்ச்ல வாங்குனது 7தான், அதுலயும் 3 செல்சீகிட்ட.

இனி அந்த 9 மேட்ச் லிஸ்ட பாருங்க, நான் சொல்ல வர்ற விஷயமே இதுலதான் இருக்கு. வெஸ்ட் ஹாம், வெஸ்ட் பிராம், ஸ்வான்சீ, பர்ன்லி, செல்சீ, நியூகாசில், சவுத்தாம்ப்டன், சண்டர்லேண்ட், கியூபிஆர். டைட்டில் ஜெயிக்கப்போற டீம் ஒண்ணே ஒண்ணு, செல்சீ. இந்த பக்கம் பர்ன்லி, நியூகாசில், சண்டர்லேண்ட், கியூபிஆர்னு கூட சேத்துல நிக்கறவங்களே நாலு பேர். இந்த நாலு மேட்ச்ல லெஸ்டர் எடுத்தது 12க்கு 10. இதத்தான் சிக்ஸ் பாயிண்டர்னு சொல்றது, ஜெயிச்சா நமக்கு 3 வரும், எதிர்ல இருக்கறவனுக்கு வர வேண்டிய 3 போகும். 7 பாயிண்ட் இடைவெளிங்கறது மேல இருக்கறவங்ககூடவே நேருக்கு நேர் ஆடி ஜெயிக்கும்போது மூணே மேட்ச்ல காணாம போயிடலாம்.

ஏப்ரல் 4 வெஸ்ட் ஹாம் மேட்ச்ல ஒரு பெனால்டிய வேற விட்டாங்க, 86வது நிமிஷம் ஆண்டி கிங் அடிச்சு 2-1. அடுத்த வாரம் வெஸ்ட் பிராம்ல 80வது நிமிஷம் வரைக்கும் 2-1 பின்னாடி, ஹூத் சமன் பண்ணார், 90 தாண்டி நடுக்கோட்டு பக்கத்துல டிஃபெண்டர் பந்த தொலைக்க வார்டி அத எடுத்துக்கிட்டு தனியா ஓடி போய் அடிச்சார். அந்த சீசன்ல வார்டி லீக்ல அடிச்சதே மொத்தம் 5 கோல்தான்னு சொன்னா இப்ப யாரும் நம்ப மாட்டாங்க.

ஆனா நான் மறக்காதது ஏப்ரல் 25 பர்ன்லி மேட்ச். நம்ம நேரத்துக்கு ராத்திரி ஏழரை. நான் அப்ப திருவல்லிக்கேணில ஒரு மேன்ஷன் ரூம்ல இருந்தேன், டிவில அந்த மேட்ச் கிடைக்கல, ஃபோன்ல ஸ்கோர ரெஃப்ரெஷ் பண்ணிட்டு இருந்தேன். ரெண்டாவது பாதில பர்ன்லிக்கு பெனால்டினு வந்துச்சு. சரி முடிஞ்சது, கீழ போய் டீ குடிப்போம்னு சட்டைய மாட்டுறேன். மாட்டி முடிச்சு பாத்தா 0-1, வார்டி. நான் ஆப்தான் தப்பா காட்டுதுனு நெனச்சேன். அப்புறம் ராத்திரி ஹைலைட்ஸ் பாத்தாதான் புரிஞ்சது, மேட் டெய்லர் அடிச்ச பெனால்டி போஸ்ட்ல பட்டு வெளிய போச்சு, கிட்டத்தட்ட ஒரு நிமிஷத்துக்குள்ள பந்து அந்த கோடிக்கு போய் வார்டி கோல் முன்னாடி நின்னு உள்ள தள்ளிட்டார். அந்த போஸ்ட் ரெண்டு இஞ்ச் தள்ளி இருந்திருந்தா கதையே வேற. சீசன் முடிவுல பர்ன்லி 33 பாயிண்ட்ல இறங்கிடுச்சு. 38 மேட்ச்ல அவங்க அடிச்சது 28 கோல், பாவம் அந்த டீமுக்கு ஓட்டத்துல கொறையே இல்ல, கோல் போடத்தான் ஆள் இல்ல.

அப்புறம் செல்சீகிட்ட 3-1 தோல்வி. அன்னைக்குதான் பியர்சன் ஒரு நிருபர பாத்து நீங்க என்ன நெருப்புக்கோழியானு கேட்டு பெரிய ரகளை ஆச்சு, மனுஷன் அப்படித்தான். அடுத்து வந்த நியூகாசிலுக்கு லெஸ்டர்கிட்ட வாங்குனது தொடர்ச்சியா 8வது லீக் தோல்வி, ரெண்டு பேர் ரெட் கார்டு வேற, 3-0. மரேஸ் ரெண்டு அடிச்சு சவுத்தாம்ப்டன் 2-0. சண்டர்லேண்ட்ல 0-0 எடுத்ததும் தப்பிச்சாச்சு. கடைசி நாள் ஏற்கனவே இறங்கி முடிச்ச கியூபிஆர 5-1. 9ல 7 வெற்றி, 22 பாயிண்ட், மொத்தம் 41, 14வது இடம். 18வதா இறங்குன ஹல் எடுத்தது 35, அப்ப உண்மையில தேவைப்பட்டது 36 கூட இல்ல, கோல் டிஃபரன்ஸ்ல (பாயிண்ட் சமமானா அடிச்ச கோல்ல வாங்குனத கழிச்சு பாக்கறது) 35க்கே சரியா போயிருக்கும். சீசன் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு பியர்சன வேலைய விட்டு அனுப்பிட்டாங்க, அடுத்த வருஷம் மேனேஜரா ரனியெரி வந்து அதே டீம் சாம்பியன் ஆனது உலகத்துக்கே தெரியும்.

இத வெச்சு நீங்க கணக்கு போடுங்க. 19ல இருந்து 36க்கு போக 17 பாயிண்ட் வேணும், அதாவது 5 வெற்றி 2 டிரா. 29 மேட்ச்ல 4 ஜெயிச்சவன் 9 மேட்ச்ல 5 ஜெயிக்கணும். அதனாலதான் சான்ஸ் கம்மினு சொன்னேன், சும்மா சொல்லல.

இப்ப அதே கிளப்போட இன்னொரு கதை. 2022-23. மேடிசன், ஹார்வி பார்ன்ஸ், டீலமன்ஸ், வார்டினு ஆளுங்க பேர படிச்சாலே டாப் 8 டீம் மாதிரி இருக்கும். சீசன் முடிவுல 51 கோல் அடிச்சிருந்தாங்க. அவங்கள தாண்டி தப்பிச்ச எவர்டன் அடிச்சது 34. கோல் டிஃபரன்ஸ் பாத்தா லெஸ்டர் மைனஸ் 17, எவர்டன் மைனஸ் 23. வெற்றி பாத்தாலும் லெஸ்டர் 9, எவர்டன் 8. இவ்வளவு இருந்தும் இறங்குனது லெஸ்டர். ஏன்னா எவர்டன் 12 டிரா எடுத்துச்சு, லெஸ்டர் 7தான். 36க்கு 34. அதனால மேல நான் சொன்ன கோல் வித்தியாச கணக்கு எப்பவும் வேலை செய்யும்னு எடுத்துக்காதீங்க, அது ஒரு டீமுக்கு உயிர் இருக்கானு சொல்லும், பொழைக்குமானு சொல்லாது. ஜெயிக்க முடியாத மேட்ச்ச தோக்காம முடிக்கத் தெரியணும், எவர்டன் மேனேஜர் ஷான் டைச் அத நல்லா தெரிஞ்ச ஆள். லெஸ்டருக்கு அது வரவே இல்ல, ஃபுல்ஹாம்ல போய் 5-3 தோத்தாங்க, 3 கோல் அடிச்சும் வெறுங்கையோட திரும்பி வந்தாங்க.

அந்த சீசன முடிச்ச நிமிஷம் எதுனு கேட்டா எல்லாரும் கடைசி நாள சொல்லுவாங்க. நான் மே 1ம் தேதிய சொல்லுவேன். லெஸ்டர் கிரவுண்டுல எவர்டன் வர்றாங்க, சுத்தமான சிக்ஸ் பாயிண்டர். லெஸ்டர் 2-1 முன்னாடி. ஹாஃப் டைமுக்கு கொஞ்சம் முன்னாடி, லெஸ்டருக்கு பெனால்டி. மேடிசன் ஓடி வந்து நேரா நடுவுல அடிக்கறார், கீப்பர் பிக்ஃபோர்டு எந்த பக்கமும் பாயல, நின்ன இடத்துலயே நின்னு தடுத்துட்டார். அப்புறம்தான் தெரிஞ்சது, பிக்ஃபோர்டோட தண்ணி பாட்டில்ல எந்த பிளேயர் எந்த பக்கம் அடிப்பான்னு ஒட்டி வெச்சிருந்தாங்களாம், மேடிசன் பேருக்கு நேரா நின்ன இடத்துலயே நில்லுனு இருந்துச்சாம். 3-1 ஆக வேண்டிய மேட்ச், ரெண்டாவது பாதில இவோபி அடிச்சு 2-2.

இப்ப ஒரு சின்ன கூட்டல் கழித்தல். அந்த மேட்ச்ச லெஸ்டர் ஜெயிச்சிருந்தா அவங்களுக்கு 2 பாயிண்ட் கூடும், 36. எவர்டனுக்கு 1 கொறையும், 35. மத்ததெல்லாம் அப்படியே இருந்தா இறங்கியிருக்க வேண்டியது எவர்டன். ஒரு தண்ணி பாட்டில்ங்க.

கடைசி நாள் மே 28, ஞாயித்துக்கிழமை. நம்மூர்ல அன்னைக்கு யாருக்கு ஃபுட்பால் ஞாபகம், அகமதாபாத்ல சிஎஸ்கே ஃபைனல் மழைல நின்னு போய் வீட்ல எல்லாரும் டிவில தார்ப்பாய பாத்துட்டு உக்காந்திருந்தாங்க, நான் ஒரு ஓரமா ஃபோன வெச்சுக்கிட்டு லெஸ்டர் வெஸ்ட் ஹாம் மேட்ச். லெஸ்டர் 2-1 ஜெயிச்சாங்க. ஜெயிச்சும் பிரயோஜனம் இல்ல, எவர்டன்ல டுகூரே 57வது நிமிஷம் பாக்ஸுக்கு வெளிய இருந்து ஒண்ணு அடிச்சு வெச்சிருந்தார், போர்ன்மவுத்கூட 1-0. அங்க இஞ்சுரி டைம் 10 நிமிஷம் போச்சு. லெஸ்டர் மேட்ச் முடிஞ்சு பிளேயருங்க கிரவுண்டுல நிக்கறாங்க, ஜனம் கையில ஃபோன வெச்சுக்கிட்டு இன்னொரு ஊர் மேட்ச்ச பாத்துட்டு இருக்கு. போர்ன்மவுத் ஒரு கோல் அடிக்கல. அவ்வளவுதான், சாம்பியன் ஆன ஏழாவது வருஷம் கீழ.

நீங்க கேக்காட்டியும் மேனேஜர மாத்துனா சரியாகுமாங்கறது பின்னாடியே வர்ற கேள்வி. 2015ல லெஸ்டர் மாத்தல, தப்பிச்சாங்க. 2023ல 10 மேட்ச் பாக்கி இருக்கும்போது ரோஜர்ஸ அனுப்பிட்டு, 8 மேட்ச் பாக்கி இருக்கும்போது டீன் ஸ்மித்த கொண்டு வந்தாங்க, 8 மேட்ச்ல 9 பாயிண்ட். மோசம்னு சொல்ல முடியாது, ஆனா பத்தல. எவர்டன் ஜனவரி கடைசிலயே லாம்பார்ட அனுப்பிட்டு டைச்ச எடுத்தாங்க, அவருக்கு டீம உக்கார வெச்சு டிஃபென்ஸ் சொல்லிக்குடுக்க நேரம் இருந்துச்சு. என் கணக்குல ஜனவரிக்குள்ள மாத்துனா ஒரு அர்த்தம் இருக்கு, ஏப்ரல்ல மாத்தறது முதலாளி தன் மேல பழி வராம இருக்க பண்ற வேலை.

இன்னொண்ணு, இறங்குனா என்ன ஆகும்னு பயந்தே பாதி கிளப் கெட்டு போகுது. டிவி பணம் மட்டுமே மேல ஒரு சீசனுக்கு 10 கோடி பவுண்டு பக்கம் வரும். கீழ போனா மூணு வருஷத்துக்கு ஒரு பங்கு குடுப்பாங்க, எல்லா டீமுக்கும் சமமா பிரிக்கற டிவி பணத்துல முதல் வருஷம் 55 சதவீதம், அப்புறம் 45, அப்புறம் 20, மேல ஒரே ஒரு சீசன்தான் இருந்திருந்தா ரெண்டு வருஷத்தோட சரி. இந்த பணத்துக்கு கணக்கு போட்டு ஜனவரில யார் யாரையோ வாங்கி குவிப்பாங்க. லெஸ்டர் இறங்குனதும் மேடிசன் டாட்டன்ஹாம் போயாச்சு, பார்ன்ஸ் நியூகாசில் போயாச்சு, டீலமன்ஸ் கிளப்புக்கு காசே வராம வில்லாவுக்கு. மறுவருஷமே சாம்பியன்ஷிப் (அதான் அந்த கீழ் டிவிஷன்) ஜெயிச்சு மேல வந்தாங்க, 2024-25ல திரும்ப இறங்குனாங்க, அந்த தடவ சொந்த கிரவுண்டுல வரிசையா 9 லீக் மேட்ச் ஒரு கோல்கூட அடிக்கல. அந்த டீமுக்கு எந்த கணக்கும் போட வேண்டியதில்ல, பாத்தாலே தெரியும்.

சரி, உங்க டீமுக்கு வருவோம். ஒரு பேப்பர் எடுத்து மிச்சம் இருக்கற 9 மேட்ச்ச வரிசையா எழுதுங்க. டாப் 6 டீம்கூட இருக்கறத முதல்ல அடிச்சிடுங்க, அதுல வந்தா லாபம். 14ல இருந்து கீழ இருக்கற டீம்கூட எத்தன மேட்ச், அதுல சொந்த கிரவுண்டுல எத்தனனு பாருங்க. நாலு இருந்தா எனக்கு நம்பிக்கை இருக்கு. ஒண்ணு ரெண்டுதான்னா மேல இருக்கறவன் தானா விழுந்தாதான் உண்டு, அத நம்ம கையில இல்லாத விஷயம்னு வெச்சுக்கணும். பெரிய டீம அவங்க ஊர்லயே அடிச்சு தப்பிச்சவங்களும் இருக்காங்க, சண்டர்லேண்ட் 2014ல செல்சீய அவங்க கிரவுண்டுலயே 2-1 அடிச்சு அந்த கிரவுண்டுல செல்சீ மேனேஜர் மொரீன்யோ 77 லீக் மேட்ச் தோக்காம இருந்தத முடிச்சு, அப்புறம் மான்செஸ்டர் யுனைடெட்டயும் அவங்க ஊர்லயே அடிச்சு, 14வதா முடிச்சாங்க. அப்படி ஒண்ணு வருஷா வருஷம் நடக்கும்னு நெனச்சு உக்காந்திருக்க முடியாது.

கேள்வில நீங்க பாயிண்ட் சொன்னீங்க, இடைவெளி சொன்னீங்க, யார்கூட மேட்ச்னு மட்டும் சொல்லல. அந்த 9 பேரையும், ஹோமா அவேயானும் எழுதி அனுப்புங்க, கடைசி 10 தோல்வியோட ஸ்கோரும் சேத்து. ஒவ்வொரு மேட்ச்சா உக்காந்து பாத்து சொல்றேன்.